முன்னால் சொருகாதே

அத்தியாயம் 7

கொலையைப் பண்ணது நான்தான். நேத்து ரம்ஜானுக்கு வெச்ச மருதாணி இன்னும் செக்கச் செவேல்னு இருக்கிற இந்த வலது கையால, வியாழக்கிழமை காலையில பதினொண்ணே கால் மணிக்கு, ரெண்டு பேர் பார்க்கப் பார்க்கப் பண்ணேன்.

செத்தது ஆள் இல்லை. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பென் டிரைவ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல, ஜெயகௌரி ஸ்டாம்பிங்ஸ் கம்பெனி ஆபீஸ்ல, கம்ப்யூட்டர் பெட்டியோட முன்பக்கம் இருந்த யூஎஸ்பி ஓட்டையில சொருகினேன். டிடிங்னு ஒரு சத்தம் வரும்னு காத்திருந்தேன். வரலை. கருகின வாசனைதான் வந்துச்சு. பிடிச்சு இழுத்தேன், விரல் சுட்டுச்சு.

"இன்னாம்மா, உன் லைட்டர் புகையுது?" என்றார் துளசிராமன் சார்.

சார் என்னோட முதலாளி. திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில துளசி டிடெக்டிவ்னு போர்டு மாட்டி ஆறு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடி இருபது வருஷம் வீடு வீடாப் போய் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தவர். எந்த வீட்டுல எதை ஒளிக்கிறாங்கன்னு வாசல்லயே கண்டுபிடிச்சுடுவார். கம்ப்யூட்டர்னா மட்டும் அவருக்கு ஒண்ணும் புரியாது. அதுக்குத்தான் என்னைச் சம்பளத்துக்கு வெச்சிருக்கார். அஃப்ஸானா, வயசு முப்பத்தொண்ணு, ஊர் பழவேற்காடு, கம்ப்யூட்டர் சென்டர்ல ஏழு வருஷ அனுபவம். அந்த ஏழு வருஷமும் அன்னிக்குக் காலையில புகையாப் போச்சு.

"சார், செத்துடுச்சு" என்றேன்.

"எது?"

"பென்னி கேஸு."

மூணாவது ஆளா நின்னுகினு இருந்த தேசப்பன்தான், "ஐயோ மேடம், இன்னா மேடம் இது"ன்னு தலையில கை வெச்சார். தேசப்பன் அந்தக் கம்பெனி டைம் ஆபீஸ் கிளார்க். அன்னிக்கு எம்.டி. மெட்ராஸ் போயிருந்ததால ஆபீஸ்ல அவர் மட்டும்தான்.

என்ன கேஸுன்னு சொல்லிடறேன். ஆயுத பூஜை முடிஞ்ச ஒன்பதாம் நாள், ஏழாம் நம்பர் பிரஸ்ல, அதான் தகடு அடிக்கிற மிஷின்ல, சின்னராசுன்னு ஒருத்தரோட ரெண்டு கையும் மாட்டி நசுங்கி, ஆஸ்பத்திரி போற வழியிலயே உயிர் போயிடுச்சு. பிரஸ்ஸுக்கு முன்னாடி, கை உள்ள போகாம மறிக்கிற மாதிரி ஒரு இரும்புக் கம்பி வலை இருக்கணும். கார்டுன்னு சொல்வாங்க. அது இல்லை. அன்னிக்குக் காலையில கூட வேலை பார்த்த பென்னிதான் அதைக் கழட்டினான், சின்னராசு மேல பழைய கோபம், வேணும்னே கழட்டினான்னு கம்பெனி போலீஸ்ல எழுதிக் குடுத்துடுச்சு. அதனால பென்னி உள்ள இருக்கான், ஜாமீன் லேசுல கிடைக்காத செக்‌ஷன். கார்டு எத்தனையோ மாசமாவே இல்லைன்னு பென்னி கத்தறான். அவனைத் தவிர எவனும் வாயைத் திறக்கலை. எல்லாருக்கும் வேலை வேணும்.

ஒரே ஒருத்தர் மட்டும், பென்னி நல்லவன்னு அவங்க குடியிருக்கிற காலனியில எல்லார் எதிர்லயும் சொன்னார். அது தேசப்பன். அதுவும் செத்துப்போன சின்னராசுக்குச் சொந்த மச்சான் அவர். தங்கச்சி தாலியறுத்து நிக்கும்போதே அப்படிச் சொன்ன மனுஷன். அதனாலதான் அவர் கூப்பிட்டதும் யோசிக்காம போனோம்.

போட்டோ கிடைச்சது எங்க ஊர்க்காரன் சிராஜ் கிட்ட. கும்மிடிப்பூண்டி பஜார்ல வீடியோ கடை வெச்சிருக்கான். ஆயுத பூஜைக்கு அந்தக் கம்பெனியில ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்குறதை இவன்தான் வருஷா வருஷம் வீடியோ எடுப்பான். கேமராவுக்கு ரெண்டு வாய். டேப்புல இருக்கிற வீடியோவை ஃபயர்வயர்னு ஒரு ஒயர்ல கம்ப்யூட்டருக்கு இழுக்கணும். மெமரி கார்டுல இருக்கிற போட்டோவை யூஎஸ்பி ஒயர்ல இழுக்கணும். இந்த ஒயர் அந்த வேலை பண்ணாது, அந்த ஒயர் இந்த வேலை பண்ணாது.

"டேப்பு?" என்றேன் காலையில.

"அது மேல கவரப்பேட்டை மஞ்சள் நீராட்டு விழாவ எடுத்துட்டேன்கா. டேப்பு வெல இன்னான்னு தெரியுமா? எல்லா வீடியோக்காரனும் அதான் பண்றான். கம்பெனிக்கு சிடி குடுத்துட்டேன், கேட்டுப் பாருங்க."

கேட்டாச்சு. கம்பெனியில சிடி தொலைஞ்சு போச்சாம்.

அப்புறம் டிராயரைக் குடைஞ்சு ஒரு பென் டிரைவை எடுத்தான். மெமரி கார்டுலயும் கம்ப்யூட்டர்லயும் அழிச்சாச்சாம், மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான். பூஜையன்னிக்கு டேப் மாத்துற நேரத்துல எடுத்த போட்டோ பதினொண்ணு. ஒன்பதாவது போட்டோவுல ஏழாம் நம்பர் பிரஸ், கழுத்துல சாமந்தி மாலையோட, முன்னாடி ஒரு கம்பிகூட இல்லாம மொட்டையா நிக்குது. பின்னாடி "ஆயுத பூஜை 2006"னு பேனர். பக்கத்துல பென்னி சிரிக்கிறான். சின்னராசும் சிரிக்கிறார்.

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. உடனே பென்னியோட பொண்டாட்டி ஏஞ்சலினுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிடியில காப்பி போடச் சொல்றதுக்குள்ள கரண்ட் போச்சு. மழை. நாலு மணிக்கு முன்னாடி வராதுன்னுட்டான் சிராஜ். பென் டிரைவைப் பையில போட்டுக்கினு வெளியே வந்தோம். பத்து மணி பத்து நிமிஷத்துக்கு சார் செல்லுல தேசப்பன். "சார், போட்டோ கெடச்சுதாமே. நம்ம ஆபீஸ்ல ஜெனரேட்டர் ஓடுது, லேசர் பிரின்டர் கீது. எம்.டி. இல்ல. சட்டுனு வந்து பிரின்ட் எடுத்துகினு போயிடுங்க. நாளைக்கு வக்கீல் கையில குடுக்கலாம்."

போனோம். மிச்சத்தைத்தான் முதல்லயே சொல்லிட்டேனே.

*

சிப்காட் வாசல் டீக்கடையில சார் ரெண்டு டீ சொன்னார். நான் குடிக்கலை. அந்தக் கருகின பென் டிரைவைக் கையிலேயே வெச்சுக்கினு உட்கார்ந்திருந்தேன். அழுகையும் வரலை. அழுதாலாவது சார் ஏதாவது திட்டுவார், திட்டினா எனக்குக் கொஞ்சம் நல்லா இருக்கும்.

"பழசா இருக்குமோ?" என்றார்.

"பழசுன்னா தொறக்காது சார். எரியாது."

"நீ தப்பா சொருகினியா?"

"தப்பா சொருகினா உள்ளயே போவாது சார். இது இன்னா கொழாய்ல பக்கெட்டு வெக்கிறதா?"

சார் என் கோபத்தைக் கண்டுக்கலை. என் விரலைப் பார்த்துக்கினு இருந்தார். "கையில இன்னா ஒட்டிகினு கீது?"

பார்த்தேன். ஆட்காட்டி விரலும் கட்டைவிரலும் பிசுபிசுன்னு ஒட்டிச்சு. பென் டிரைவோட தகர மூக்கு ஓரத்துலயும் அதே பிசுக்கு.

"ஏதோ பசை சார். அந்த ஓட்டையைச் சுத்தி இருந்திருக்கும். டேப்பு ஒட்டி உரிச்சா இருக்குமே, அந்த மாதிரி."

"பசை இன்னா கலரு?"

"கலரே இல்ல. சுத்தமா இருக்கு."

"சுத்தமா இருக்கா" என்றார் சார். டீயைக் கீழே வெச்சார். "அந்த ஆபீஸ் மேசையில நான் முழங்கைய வெச்சேன். பாரு."

சட்டையோட முழங்கை கன்னங்கரேல்னு இருந்துச்சு. பிரஸ் ஷாப் பக்கத்துலயே ஆபீஸ். இரும்புத் தூளும் எண்ணெயும் கலந்து எல்லாப் பொருள் மேலயும் படிஞ்சு கிடக்கும்.

"அந்த எடத்துல ஒரு நாள் பசை தொறந்து கெடந்தாலே கரியாயிடும். இது சுத்தமா கீது. அப்போ டேப்ப எப்ப உரிச்சிருக்கான்?"

நான் விரலைத் திரும்பப் பார்த்தேன். "இன்னிக்குக் காலையில."

"சரி, யோசி. நீ சொருகறதுக்கு முன்னாடி அங்க இன்னா நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலை சார். தேசப்பண்ணன் அட்டென்டன்ஸ் ஃபைலை அவரு பென் டிரைவுல ஏத்திக்கினாரு. அவ்ளோதான். மேசைக்கு அடியில தவழ்ந்து போய்ப் பெட்டிக்குப் பின்னாடி சொருகிட்டு, எழுந்துக்க முடியாம மேசையப் புடிச்சு..."

அந்த இடத்துல நிறுத்திட்டேன். காலையில அதைப் பார்த்து நான் மனசுக்குள்ள சிரிச்சேன். தேசப்பனுக்கு வயிறு அவருக்கு ரெண்டடி முன்னாடி நடக்கும். அந்த வயித்தை வெச்சுக்கினு மேசைக்கடியில போனதைப் பார்த்து, ஐயோ பாவம், மாட்டிக்கப் போறார்னு நினைச்சேன்.

"முன்னாடி ஒரு ஓட்டை சும்மா இருக்கறப்போ" என்றார் சார் மெதுவா, "எதுக்கும்மா அவ்ளோ பெரிய வயித்தோட பின்னாடி போனான்?"

"என்னை மட்டும் முன்னாடி சொருகச் சொன்னாரு சார். 'நீங்க எதுக்கு மேடம் குனியணும், முன்னாடியே சொருகுங்க'ன்னாரு." எவ்வளவு மரியாதை பாருங்க. நானும் தேங்க்ஸ் சொன்னேன்.

*

கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் பாகம் பாகமா வாங்கிப் பூட்டிக் குடுத்தது தணிகாசலம். ரெட்டம்பேடு ரோட்டுல சின்னக் கடை. சோறு தின்னுகினு இருந்தவர், பென் டிரைவைப் பார்த்ததும் கையைக் கழுவிட்டார். பாதிச் சாப்பாட்டுல ஒருத்தர் கை கழுவினா எனக்கு நம்பிக்கை போயிடும்.

"ஜெயகௌரி ஆபீஸா?" என்றார்.

"எப்படிக் கண்டுபுடிச்ச நைனா?" என்றார் சார்.

தணிகாசலம் மேசை மேல திறந்து கிடந்த ஒரு பெட்டியைத் திருப்பிக் காட்டினார். உள்ளே பச்சைப் பலகை. அதோட அடி ஓரத்துல குத்தூசி மாதிரி ரெண்டு கொத்துப் பின். பக்கத்துப் பக்கத்துல.

"இது யூஎஸ்பி. இது ஃபயர்வயர். எண்ணிப் பாருங்க. இதுலயும் ஒம்போது, அதுலயும் ஒம்போது. இதுல மாட்ற ஒயரு அதுலயும் மாட்டும்."

"ஒரே மாதிரி எதுக்குய்யா ரெண்டு?"

"அது பெரிய எடத்து சண்டை சார். கம்ப்யூட்டருக்கு வெளிய இருந்து எத மாட்டுனாலும் எங்க ஒயர்லதான் மாட்டணும்னு ரெண்டு கோஷ்டி. ஒருத்தன் எங்க ஸ்பீடு நானூறுன்றான். இன்னொருத்தன் எங்களுது நானூத்தி எண்பதுன்றான். பேப்பர்ல எண்பது ஜாஸ்தி. ஓட்டிப் பாத்தா நானூறுதான் முன்னாடி போவுது. எவன் ஜெயிப்பான்னு தெரியாம பலகை செய்யறவன் ரெண்டையும் வெச்சுடறான். பக்கத்துல பக்கத்துல வெச்சான் பாருங்க, அதுல வந்துச்சு பேஜாரு."

"இன்னா பேஜாரு?"

"யூஎஸ்பில வர்றது அஞ்சு வோல்ட்டு. ஃபயர்வயர்ல பன்னெண்டு."

இருபது வருஷம் கரண்ட்டோட பழகின மனுஷனுக்கு அதுக்கு மேல பாடம் தேவைப்படலை. சார் கண்ணை மூடிக்கினார். "அஞ்சு வோல்ட்டு பொருளுக்கு பன்னெண்டக் குடுத்துட்ட."

"அன்னிக்கு ஆறு பெட்டி பூட்டினேன் சார். அந்தப் பலகையில யூஎஸ்பி பின்னு ஒரு சவுண்டு கார்டுக்கு அடியில மறைஞ்சிருந்துச்சு. இது கண்ணுக்குத் தெரிஞ்சுது, பொருந்துச்சு, மாட்டிட்டேன். முன்பக்கம் வெளிய பாத்தா யூஎஸ்பி ஓட்டைதான். உள்ளார வர்றது ஃபயர்வயர் கரண்ட்டு. ஜூலை மாசம் எம்.டி.யோட பென் டிரைவே வெந்துபோச்சு. தேசப்பன் போன் பண்ணாரு. ஓடிப் போயி கறுப்பு டேப்ப ஒட்டி, முன்னாடி சொருகாதீங்க, ரெண்டு நாள்ல வந்து மாத்தித் தரேன்னேன்." தலையைச் சொறிஞ்சார். "போவல சார். நேரமே கெடைக்கல."

"இதுக்குள்ள இருந்த போட்டோ?" என்றேன். பதில் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

தணிகாசலம் அதை மூக்குக்கிட்ட கொண்டுபோய் மோந்து பார்த்தார். "உள்ளார சிப்பே வெந்துபோச்சு மேடம். ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது."

"இத கோர்ட்டுல வந்து சொல்லுவியா?" என்றார் சார். "தேசப்பனுக்கு முன்னாடியே தெரியும்னு."

தணிகாசலம் வெளியே மழையைப் பார்த்தார். "சிப்காட்டுல நாப்பது கம்பெனிக்கு நான்தான் சார் போறேன். இன்னொருத்தன் பொருள எரிச்சவன்னு பேர் வந்தா ஒருத்தன் உள்ள உட மாட்டான். எனக்கு ரெண்டு பொண்ணு."

யாருக்கு இல்லை ரெண்டு பொண்ணு. திட்டலாம்னு வாயைத் திறந்தேன், சார் என் கையைப் பிடிச்சு வெளியே கூட்டிக்கினு வந்துட்டார்.

*

மூணு மணிக்குத் திரும்பவும் ஜெயகௌரி ஆபீஸ். தேசப்பன் தனியாத்தான் இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "இன்னா சார், எதுனா வழி பொறந்துச்சா?"

"பொறந்துச்சு" என்றார் சார். "உன் பென் டிரைவு எங்க தேசப்பா?"

"பாக்கெட்ல கீது சார்."

"எடு. எடுத்து அந்த முன்பக்க ஓட்டையில சொருகு."

தேசப்பன் கை சட்டைப் பாக்கெட் வரைக்கும் போச்சு. அங்கேயே நின்னுடுச்சு.

"இன்னாய்யா யோசிக்கற? சொருகு. குனிய வேணாம்."

தேசப்பன் நாற்காலியில உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் டம்மு டம்முன்னு விழுந்துகினே இருந்துச்சு. அப்புறம் அந்தப் பெரிய மனுஷன் வேட்டி நுனியை எடுத்து முகத்தைத் துடைச்சுக்கினு அழ ஆரம்பிச்சார்.

"கார்ட கழட்டச் சொன்னது எம்.டி. சார். கழட்டிட்டா ஒரு மணிக்கு எரநூறு பீஸு ஜாஸ்தி வரும். ஆடி மாசமே கழட்டியாச்சு. தெனமும் காலைல சேப்டி ரிஜிஸ்டர்ல 'கார்டு உள்ளது'ன்னு எழுதி கையெழுத்து போட்டது நானு. மூணு மாசம், ஒரு நாள் உடாம. சின்னராசு போன அன்னிக்குக் காலைலகூட எழுதினேன். என் கையெழுத்துதான் சார் என் மச்சான அடிச்சிது. அந்த போட்டோ வெளிய வந்தா மொத மாட்டறது நானு."

"அதுக்கு பென்னி உள்ள போவணுமா?" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமா இருந்துச்சு. "காலனியில நல்லவன் மாதிரி பேசுனீங்களே அண்ணே."

"பென்னி நல்லவன்தான் மேடம். நான் ஒண்ணும் பொய் சொல்லலையே." மூக்கை உறிஞ்சினார். "ஞானம்மாவுக்கு பேக்கிங்ல வேலை தரேன்னு சொல்லியிருக்காங்க. திங்கக்கெழம சேரணும். என் தங்கச்சி மேடம். மூணு புள்ளைங்க. போட்டோ வந்துச்சுன்னா கம்பெனிய இழுத்து மூடுவான், அவளுக்கு புருஷனும் இல்ல, வேலையும் இல்ல."

"போட்டோ கெடச்சது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சார். "நான் யார்கிட்டயும் சொல்லல. சிராஜும் சொல்லலன்னான்."

தேசப்பன் என்னைப் பார்த்தார். எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. காதைப் பொத்திக்கலாம் போல இருந்துச்சு.

"ஏஞ்சலின் போன் பண்ணுச்சு சார். 'அண்ணே, கர்த்தர் கண்ணத் தொறந்துட்டாரு, போட்டோ கெடச்சுடுச்சு'ன்னு அழுதுச்சு. மொதல்ல என்கிட்டதான் சொல்றேன்னுச்சு. போன வெச்சுட்டு நான் அந்த டேப்ப உரிச்சேன்."

ஆக, நான் சந்தோஷம் தாங்காம ஏஞ்சலினுக்குச் சொன்னேன், அவ சந்தோஷம் தாங்காம தேசப்பனுக்குச் சொன்னா. எங்க ரெண்டு பேர் சந்தோஷமும் சேர்ந்துதான் அந்த ஓட்டையைத் திறந்து விட்டுச்சு.

"சார், ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றேன். "இப்பவே. இவரு சொன்னத நாம ரெண்டு பேரும் கேட்டோம்ல? சாட்சிய அழிச்சிருக்காரு."

சார் எழுந்தார். தேசப்பன் தடுக்கலை. கையைக் கூப்பிக்கினு, தலை குனிஞ்சபடி சொன்னார்: "போங்க மேடம். நான் ஓட மாட்டேன். ஆனா நாளைக்கு பொன்னேரி கோர்ட்டுல பென்னிக்கு ஜாமீன் கையெழுத்து போடறது யாரு?"

"இன்னாது?" என்றார் சார்.

"ரெண்டு பேர் கையெழுத்து வேணும், சொந்த ஊட்டுப் பத்திரத்தோட நிக்கணும்னு வக்கீல் சொல்லிட்டாரு. எங்க காலனியில பட்டா இருக்கறது ரெண்டே ஊடு. ஒண்ணு ஏஞ்சலினோட பெரியப்பா ஊடு. இன்னொண்ணு என்னுது. போட்டோ இல்லன்னாலும் பதினாறு நாள் ஆச்சு, ஜாமீன் கெடைக்கும்னு வக்கீல் நம்பறாரு. அதுக்கு வேண்டிய பேப்பரெல்லாம் தாலுக்கா ஆபீஸ்ல நின்னு வாங்கி வெச்சிருக்கேன்." மேசை டிராயரை இழுத்துக் காட்டினார். பச்சை இங்க் சீல் வெச்ச சர்டிபிகேட், ஊட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ. எல்லாம் பிளாஸ்டிக் கவருல, ஒழுங்கா. "என்னை இன்னிக்கு உள்ள தள்ளினா அவன் நாளைக்கு வெளிய வர முடியாது மேடம். நான் மெரட்டலை. சத்தியமா மெரட்டலை. அவனுக்குப் பண்ண பாவத்துக்கு என்னால முடிஞ்சது இந்தக் கையெழுத்து ஒண்ணுதான்."

சார் திரும்ப உட்கார்ந்தார். நான் மனசுக்குள்ள ஆள் தேடினேன். துளசிராமன் சார் இருக்கிறது வாடகை வீடு. என் வாப்பா வீடு அஞ்சு பேருக்குப் பாகம் பிரிக்காத சொத்து. சிராஜுக்குக் கடையே வாடகை. நாளைக்குக் காலையில பத்தரைக்குள்ள, பட்டாவும் தாலுக்கா சர்டிபிகேட்டும் வெச்சிருக்கிற ஒருத்தரை எங்க போய்ப் பிடிக்கிறது? வேற எவனும் பென்னி பேரைச் சொன்னாலே கதவைச் சாத்திக்கிறான்.

"இருபது வருஷம் எத்தனையோ திருட்டுக் கனெக்‌ஷன் பாத்துட்டேன்" என்றார் சார். "எதத் தொட்டாலும் ஷாக் அடிக்கிற ஒயரிங்க இன்னிக்குத்தான் பாக்கறேன்."

ஜோக் சொல்றது வழக்கமா என் வேலை. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் வரலை.

"நாளைக்குக் கையெழுத்து போடற வரைக்கும் நாங்க வாயத் தொறக்கல" என்றார் சார் தேசப்பன் கிட்ட. "அதுக்கப்புறம் அந்த ரிஜிஸ்டர எடுத்துகினு நீயே வந்து உண்மைய சொல்லுவியா?"

தேசப்பன் சொல்றேன்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை. பிரஸ் விழற சத்தத்தையே கேட்டுக்கினு உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஏழாம் நம்பர்ல இப்ப கார்டு மாட்டியிருக்காங்களான்னு நான் கேட்டேன். மாட்டியாச்சு மேடம், மறுநாளே மாட்டியாச்சுன்னார்.

*

ஏஞ்சலின் கும்மிடிப்பூண்டி ரெயில்வே ஸ்டேஷன் பெஞ்சுல எங்களுக்காக உட்கார்ந்திருந்தா. மடியில ஒரு துணிப்பை. அதுல பென்னியோட சட்டை, நாளைக்கு வெளியே வரும்போது போட்டுக்கறதுக்கு, இஸ்திரி போட்டு மடிச்சு வெச்சிருந்தா. எங்களைப் பார்த்ததும் எழுந்து, "பிரின்ட் எடுத்தாச்சாக்கா? நான் பாக்கலாமா?" என்றா.

சார் ரெயில் வர்ற பக்கமாத் திரும்பி நின்னுக்கினார். இந்த ஆம்பிளைங்களே இப்படித்தான்.

"இல்ல ஏஞ்சலின்" என்றேன். "பென் டிரைவ் எரிஞ்சுபோச்சு. போட்டோ போயிடுச்சு. சொருகினது நான்தான். என்னை நாலு வார்த்தை திட்டு."

அவ திட்டலை. என் கையைப் பார்த்தா, முகத்தைப் பார்த்தா. மெதுவா உட்கார்ந்தா. பையில இருந்த சட்டையைத் தடவித் தடவி சுருக்கம் எடுத்தா. மெட்ராஸ் ரெயில்ல இருந்து யாரோ கூட்டமா வந்தாங்க, போனாங்க.

"வேணும்னேவா செஞ்சீங்க?" என்றா கடைசியில. "உடுங்கக்கா. ஜாமீனாவது கெடைக்கும்ல?"

"கெடைக்கும்" என்றார் சார், திரும்பாமலே. "கையெழுத்துக்கு ரெண்டு பேர் இருக்காங்க."

"அது போதும்" என்றா ஏஞ்சலின். கண்ணைத் துடைச்சா. "தேசப்பண்ணன் இல்லன்னா எங்க கதி இன்னான்னு நெனச்சுப் பாருங்க. கூடப் பொறந்தவளுக்குத் தாலி போச்சு. அந்த மனுஷன் எங்களுக்காகத் தாலுக்கா ஆபீஸ்ல நாலு நாள் நின்னாரு. எந்த அண்ணன் செய்வான் சொல்லுங்க."

நான் என்ன சொல்றது. உண்மையைச் சொன்னா, இந்த ராத்திரியே அவ தேசப்பன் வாசல்ல போய் மண்ணை வாரித் தூத்துவா, நாளைக்குக் கையெழுத்து இல்லை. அதோட, போட்டோ எரிஞ்சதுக்கு அவ பண்ண போனும் ஒரு காரணம்னு சேர்த்துச் சொல்லணும். நான் ஒருத்தி அதைத் தூக்கிக்கினு திரியறது போதும்.

"ஆமா ஏஞ்சலின்" என்றேன்.

அவ செல்லை எடுத்தா, நம்பரை அமுக்கினா, மணி அடிக்கும்போதே என் கையில வெச்சா. "நாளைக்கு நேரத்தோட வரச் சொல்லணும்கா. நான் பேசுனா அழுதுடுவேன். எனக்குப் பதிலா நீங்களே ஒரு வார்த்தை தேங்க்ஸ் சொல்லிடுங்க."

அந்தப் பக்கம் எடுத்தாச்சு. "சொல்லும்மா ஏஞ்சலின்" என்றார் தேசப்பன்.

"அஃப்ஸானா பேசறேண்ணே" என்றேன். ஏஞ்சலின் என் வாயையே பார்த்துக்கினு இருந்தா. "நாளைக்குப் பத்து மணிக்கெல்லாம் கோர்ட்டுக்கு வந்துடுங்க. நீங்க பண்ணதுக்கு ரொம்ப தேங்க்ஸ்."

பதிலே வரலை. மூச்சு விடற சத்தம் மட்டும் கேட்டுச்சு. வெச்சுட்டேன்.

"இன்னா சொன்னாருக்கா?"

"வரேன்னாரு" என்றேன்.